அக்கா கைதட்டிய வியாழக்கிழமை

அண்ணை இறந்த செய்தி எனக்கு விடியற்காலை ஐந்து மணிக்குத் தெரியும். அக்காவுக்கு அது இரவு எட்டு மணிக்குத்தான் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் அவரை ட்ரஃபால்கர் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய், நத்தாருக்கு, இந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு, நிறுத்தும் மரத்துக்கு விளக்கேற்றுவதைக் காட்டி, வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தேன். தெரியாமல் செய்யவில்லை, வேண்டுமென்றுதான் செய்தேன். நல்லதற்கென்று நினைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதை முதலில் சொன்னால் சாட்டுச் சொல்வதாகிவிடும்.

நாங்கள் நாலு பேர். மூத்தவர் அண்ணை. மன்னாரை விட்டு ஒருநாளும் வெளியேறாதவர், மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது அவர் தொழில். அடுத்தது அக்கா. பிறகு நான். கடைசி தம்பி, கனடாவில் இருக்கிறான். அக்காவும் நானும் ஸ்ட்ரெதத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் கணவன்மார் இல்லை, பிள்ளைகள் வேலைகிடைத்த ஊர்களில். நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். அக்கா அந்த வருடம் சித்திரை மாதம் நெஞ்சுவலி வந்து விழுந்தார். இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு வீட்டோடு இருந்தார்.

எனக்கும் அண்ணைக்கும் பத்து வயது வித்தியாசம். அக்காவுக்கும் அவருக்கும் ஒன்றரை வயதுதான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து வந்ததும் அக்கா குசினியில் அடுப்புக்கு அருகே இருக்கும் கதிரையில் உட்கார்ந்து மன்னாருக்கு அழைப்பார். ஒரு மணி நேரம் போகும். என்ன மீன் வாங்கினது, சுவாமியார் பிரசங்கத்தை எவ்வளவு நீட்டினது, நான் எப்போது எரிந்து விழுந்தது, எல்லாம் அங்கே போய்விடும். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்ய அவருக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது என்று நான் பகிடி பண்ணுவேன்.

அந்த வாரத்துக்கு முந்திய ஞாயிறு பேசியது மரத்தைப் பற்றி. ட்ரஃபால்கர் சதுக்கத்து மரம் நோர்வேயிலிருந்து வருடாவருடம் வருவது என்று அக்கா எங்கோ கேட்டிருந்தார். உலக யுத்த காலத்தில் இங்கிலாந்து செய்த உதவிக்கு நன்றியாக அந்த நாட்டுத் தலைநகரம் அனுப்பும் மரம். அக்கா அதை அண்ணைக்குச் சொன்னதும் போனில் அவர் சிரித்தது எனக்கே கேட்டது.

"நோர்வேக்காரர் எங்களுக்குச் சமாதானம் பேச வந்தவை, அது முறிஞ்சு போச்சுது. லண்டன்காரருக்கு மரம் குடுக்கினம். மரமெண்டாலும் நத்தார் வரைக்கும் நிண்டுபிடிக்கும்" என்றார்.

அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "வியாழக்கிழமை லைட் போடுகினமாம் அண்ணை. இவளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறன். போனால் வீடியோ எடுத்து அனுப்புறன்" என்றார். அதுதான் அவர்கள் கடைசியாகக் கதைத்தது.

வியாழன் விடிய ஐந்து மணிக்குத் தம்பி அழைத்தான். அந்த நேரத்தில் போன் அடித்தால் எங்கள் ஆட்களுக்கு எதற்கென்று தெரியும்.

"சின்னக்கா, அண்ணை மோசம் போயிட்டார்."

பட்டறையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே முடிந்துவிட்டதாம். நான் அழத் தொடங்கினேன். அவன் என்னை அழவும் விடவில்லை.

"மெல்ல, மெல்ல. பெரியக்காவுக்குக் கேக்கப் போகுது. அவவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. நெஞ்சு தாங்காது. ஆக்கள் பக்கத்தில இருக்கேக்க, ஆறுதலாச் சொல்லலாம்."

நான் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதேன். அரை மணி நேரத்தில் தம்பி போனில் ஒரு புதுக் குழு திறந்தான். எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டில் இருக்கும் எல்லோரும் அதில் இருந்தார்கள், அக்காவைத் தவிர. எல்லோரும் அழும் முகங்களைப் போட்டார்கள், பிறகு எல்லோரும் புத்தி சொன்னார்கள். இரவு லெஸ்டரிலிருந்து அக்காவின் மகன் வேலை முடிந்து வந்துசேருவான், அவன் வந்த பிறகு சொல்லலாம், அதுவரை சின்னக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. அக்காவுக்கு அதிர்ச்சி ஆகாது என்று டொக்டர் சொன்னதாக யாரோ எழுதினார்கள். டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உப்பைக் குறையுங்கள், தினமும் நடவுங்கள் என்றுதான் சொன்னார். பக்கத்திலிருந்து கேட்டவள் நான். அதை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏனென்றால் எனக்கும் பயம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவின் முகம் இருந்த நிறத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் போன் குசினியில் சார்ஜில் இருந்தது. எடுத்து அணைத்தேன். அணைப்பதற்குள்ளேயே அதில் நாலு அழைப்புகள் வந்திருந்தன. வீட்டுத் தொலைபேசியின் வயரைக் கழற்றினேன். ஆறு மணிக்கு அக்கா எழும்பி, செபம் சொல்லி முடித்து, தேத்தண்ணீர் கேட்டுக்கொண்டு வந்தார்.

"என்ர போன் எங்கையடி?"

"பழுதாப் போச்சுது அக்கா. மகன் இரவைக்கு வாறான், அவன் பாப்பான்."

"அவன் ஏன் இண்டைக்கு வாறான்?"

"சும்மா. உங்களைப் பாக்க."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. என் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, "தடிமனோ?" என்றார். ஓம், மூக்கடைப்பும் என்றேன். அந்தச் சாட்டில் வேலைக்குப் போகவில்லை என்று அறிவித்தேன். ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு ஒன்பது வேண்டும் என்பார்கள். காலைத் தேத்தண்ணீர் குடித்து முடிய முன்பே நான் நாலைத் தாண்டிவிட்டேன்.

போனை அணைக்கலாம், ஆட்களை எப்படி அணைப்பது? செத்தவீட்டுச் செய்தி எங்கள் ஆட்களிடம் நடந்து போகாது, பறந்து போகும். லண்டனில் இருக்கும் மன்னார் ஆட்கள் பாதிப்பேர் அண்ணையைத் தெரிந்தவர்கள். வேலை முடிந்த கையோடு சோறும் கறியும் சமைத்துப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். அது எங்கள் வழக்கம், செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. ஆனால் அந்த வீட்டில் என் அக்கா அடுப்பு மூட்டி, பாரைமீன் சொதி வைத்துக்கொண்டிருந்தார். நான் கோயில் பெண்கள் இருவருக்கு மறைவில் அழைத்து, பின்னேரம் ஒருவரும் வர வேண்டாம், இரவு எட்டு மணிக்கு நீங்கள் இருவரும் மட்டும் வாருங்கள் என்று கெஞ்சினேன். ஆனாலும் நம்பிக்கை இல்லை. அக்காவை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும். எங்கே? கோயிலுக்குப் போனால் சுவாமியாரே கையைப் பிடித்துவிடுவார். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமுக்குப் போனால் முதல் மரக்கறிக் கடையிலேயே முடிந்தது.

சோற்றைப் போட்டுக்கொண்டு அக்காவே வழி காட்டினார்.

"இண்டைக்கு வியாழன். மரத்துக்கு லைட் போடுற நாள். உனக்குத் தடிமனெண்டால் விடு, வாற வருசம் பாப்பம்."

"இல்லையக்கா, போவம். மருந்து குடிச்சிட்டன்."

எங்களை யாருக்கும் தெரியாத கூட்டம், நாலைந்து மணி நேரம் தாராளமாகக் கழியும் என்று நான் கணக்குப் போட்டேன். அந்த மரம் எனக்கு ஒரு மறைவிடமாகத்தான் பட்டது. என் புத்தி அன்றைக்கு அப்படித்தான் ஓடியது.

அக்கா வெளிக்கிட்டு வந்தார். நத்தாருக்கென்று மகன் வாங்கிக்கொடுத்த இரத்தச் சிவப்புக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார். கூடப்பிறந்தவர் மன்னாரில் பெட்டிக்குள் கிடக்கிறார், இவர் சிவப்பு உடுத்து நிற்கிறார். குளிர் என்று சொல்லி என் கறுப்புக் கோட்டை எடுத்து மேலே போட்டுவிட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டினேன். "சின்னப் பிள்ளைக்குப் போடுறமாதிரிப் போடுறாய்" என்று சிரித்தார்.

நூற்றைம்பத்தொன்பதாம் இலக்க பஸ் ஸ்ட்ரெதத்திலிருந்து நேராக அங்கே போகும். வழியெல்லாம் அக்கா கதைத்துக்கொண்டு வந்தார். என் போன் கைப்பைக்குள் அதிர்ந்தபடி இருந்தது. ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். அண்ணையைப் பெட்டியில் வைத்துப் படம் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் செபமாலை. பக்கத்து இருக்கையில் அக்கா, பிரிக்ஸ்டன் சந்தையில் பலாக்காய் விற்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்குப் போய்ச் சேரும்போதே நல்ல இருட்டு. மரம் கறுப்பாக நின்றது. உயரம்தான், ஆனால் ஒல்லி. வருடாவருடம் இந்த மரத்தைப் பார்த்துச் சிரிப்பதும் இந்த ஊரில் ஒரு வழக்கம், மெலிந்துவிட்டது, கிளை காணாது என்று. அக்காவும் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணை சொன்னது சரிதான், நத்தார் வரைக்கும்தான் நிக்கும்" என்றார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனம் நெருங்கத் தொடங்கியது. கம்பித் தடுப்புகளுக்கு அருகே மஞ்சள் மேலங்கி போட்ட காவலர்கள் வழிவிடச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், எங்களைப் பார்த்ததும் தமிழில் சொன்னார்.

"அக்கா, இது போற வழி. கொஞ்சம் அங்கால ஒதுங்கி நில்லுங்கோ." பிறகு அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்கள் மன்னார் எல்லோ?"

அக்காவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "ஓம் தம்பி! எப்பிடித் தெரியும்?"

"உங்கட அண்ணை எஞ்சின் திருத்துறவர். அப்பான்ர வள்ளத்து எஞ்சினுக்கு அவரை விட்டால் வேற ஆக்களிட்டப் போகமாட்டம். அப்பிடியே அவற்ற முகம் உங்களுக்கு. காலமைதான் அம்மா அழைச்சு..."

நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடி ஒரு கணம் நின்றது. அவரும் எங்கள் ஆள்தானே, விளக்கம் தேவைப்படவில்லை.

"காலமைதான் அம்மாவும் நானும் அவரைப் பற்றிக் கதைச்சனாங்கள்" என்றார். "எப்பிடி இருக்கிறார் அண்ணை?"

"நல்ல சுகமா இருக்கிறார்" என்றார் அக்கா. "ஞாயிற்றுக்கிழமை கதைச்சனான். கால் மட்டும் கொஞ்சம் வீக்கமாம். சொன்னால் டொக்டரிட்டப் போற ஆள் இல்லை."

"ஓம், அவர் அப்பிடித்தான். நல்ல மனுசன் அக்கா. நல்ல மனுசன்."

சொல்லிவிட்டு அவர் விறுவிறென்று போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு மடக்குக் கதிரை. தடுப்பு ஒன்றை விலக்கி, எங்களை உள்ளே விட்டு, மரத்துக்கு நேர் முன்னால் அக்காவை அதில் இருத்தினார். அந்த ஆயிரக்கணக்கான சனத்தில் அக்காவுக்குத்தான் திறமான இடம். "வயசான ஆள், நிக்க ஏலாது எண்டு மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறன்" என்றார். அக்கா நன்றி சொல்ல வாயெடுத்தபோது அவர் குனிந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்தார். எங்கள் ஊரில் செத்தவீட்டு வாசலில் அப்படித்தான் பிடிப்பார்கள். அக்காவுக்கு அது விளங்கவில்லை.

அவர் போன பிறகு, "மன்னார் ஆக்கள் எங்க போனாலும் மன்னார் ஆக்கள்தான்" என்று அக்கா பெருமையாகச் சொன்னார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் கதிரையில் இருந்தார். முதலுதவிக்காரர்கள் இருபது அடி தள்ளி நின்றார்கள். வீட்டைவிட அது எவ்வளவோ பாதுகாப்பான இடம். நான் குனிந்து அக்காவின் காதருகே வாயைக் கொண்டுபோனேன். சத்தியமாகக் கொண்டுபோனேன். அவர் திரும்பி, "என்ன, குளிருதோ?" என்று தன் கழுத்துத் துணியைக் கழற்றி எனக்குச் சுற்றினார். என் வாய் மூடிக்கொண்டது. கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு நிமிர்ந்தேன்.

பாடகர் குழு வந்து நத்தார்ப் பாடல்களைப் பாடியது. வெள்ளைக்காரர் பாடும் மெட்டுகள் எங்கள் கோயிலில் தமிழிலும் பாடுகிற மெட்டுகள்தானே, அக்கா தமிழில் சேர்ந்து பாடினார். அவருக்கு நல்ல குரல். முன்னால் நின்ற ஒரு சிறுமி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு யார் யாரோ பேசினார்கள். மழை ஒரு பொட்டு விழுந்து நின்றது.

பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்கினார்கள். சதுக்கம் முழுவதும் ஒரே குரலாக எண்ணியது. அக்காவும் எண்ணினார். ஒன்று என்றதும் மரத்தில் மேலிருந்து கீழாக வெள்ளை விளக்குச் சரங்கள் எரிந்தன. வேறு நிறமில்லை, மின்னி மின்னி அணையும் ஆரவாரமில்லை. இருட்டில் நின்ற அந்த ஒல்லி மரம் அமைதியான வெளிச்சமாக எழுந்து நின்றது. அழகாக இருந்தது. அன்றைக்கும் அது அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஐயோ, என்ன வடிவு! என்ன வடிவு!" என்று சத்தமாகச் சிரித்துக் கைதட்டினார். கோட்டுப் பொத்தான் கழன்று உள்ளே சிவப்புச் சட்டை தெரிந்தது. சித்திரைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"எடு, எடு, வீடியோ எடு. அண்ணைக்குக் காட்ட வேணும்."

போனை எடுத்துப் பிடித்தேன். அக்கா மரத்துக்கு முதுகு காட்டி நின்று கமெராவைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணை, பாருங்கோ. நோர்வேக்காரன் ஏமாத்தேல்லை. நல்லாத்தான் எரியுது. காலை உயத்தி வைச்சுக்கொண்டு படுங்கோ. வாற வருசம் நத்தாருக்கு நான் அங்க நிப்பன்."

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

"அனுப்பிட்டியோ?"

"அனுப்பிட்டன்."

"பாத்திட்டாரோ? நீலச் சரி விழுந்திட்டுதோ?"

"இல்லையக்கா. அங்க இப்ப பதினொன்றரை எல்லோ. காலமை பாப்பார்."

"ஓம், ஓம். பாவம், படுக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்து வந்தார். களைப்புத்தான், மூச்சு சீராக இருந்தது. அதை எண்ணிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அக்காவின் மகன் குசினியில் நின்றான். மேசையில் கோயில் பெண்கள் இருவர், கோட்டைக் கழற்றாமல், ஒரு கோப்பைத் தேத்தண்ணீர்கூட முன்னால் இல்லாமல் இருந்தார்கள். நாங்கள் யோசித்து யோசித்து வைத்திருந்த முதல் வசனத்தை யாரும் சொல்லவில்லை. அக்கா வாசலில் நின்றபடி எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆர்?" என்று கேட்டார்.

மகன் தாயைக் கட்டிப்பிடித்து, "பெரியமாமா, அம்மா" என்றான்.

"எப்ப?"

"காலமை."

அக்கா மகனுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை என்றால் தாங்கியிருப்பேன். பிறகு அவனை மெல்ல விலக்கிவிட்டு, கறுப்புக் கோட்டையும் சிவப்புச் சட்டையையும் கழற்றிக் கதிரையில் போட்டார். மேசையில் கைவைத்து உட்கார்ந்தார். நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை, மயங்கவில்லை, அழவும் இல்லை. மச்சாளுக்கு அழைத்துத் தரும்படி சொன்னார். மச்சாள் என்பது அண்ணையின் மனைவி.

இங்கேதான் எங்கள் கெட்டித்தனம் பல்லிளித்தது. உலகம் முழுவதும் குழு வைத்து ஆலோசித்தவர்கள், அக்காவுக்கு மறைத்திருக்கிறோம் என்பதைப் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டோம். அங்கே சாமம் கடந்துவிட்டது, ஆனாலும் மச்சாள் பெட்டிக்குப் பக்கத்தில் விழித்திருந்தார். காலையிலிருந்து கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஒவ்வொருவராகப் போன் திரையில் வந்து அழுதிருக்கிறார்கள். அண்ணைக்கு நேரே இளையவள், ஞாயிறு தவறாமல் அழைக்கிறவள் மட்டும் வரவில்லை. மச்சாள் போனை எடுத்ததும் சொன்ன முதல் வார்த்தை எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இப்பத்தான் உங்களுக்கு நேரம் கிடைச்சதோ?"

என் பெயரைச் சொல்லியிருக்கலாம் அக்கா. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு வரி போதும். அவர் சொன்னார்: "ஓம் மச்சாள். வெளிய போயிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அடுத்த நாள் அடக்கம். எங்களுக்குக் காலை, கணினியில் நேரடியாகக் காட்டினார்கள். அக்கா வெள்ளை உடுத்து, செபமாலையோடு, நேராக உட்கார்ந்து பார்த்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையிலும் வரவில்லை. "தைரியமான மனுசி" என்று கோயிலில் சொன்னார்கள். "பாத்தீங்களோ சின்னக்கா, ஆறுதலாச் சொன்னபடியால்தான் தாங்கினவ" என்று தம்பி போனில் பெருமைப்பட்டான். அவனைக் கெட்டவார்த்தையால் பேசினேன். அவனைப் பேசி என்ன, போனை அணைத்தது என் கை.

என்னோடு அக்கா கோபமாக இருக்கவில்லை. சமைத்தார், கதைத்தார், கோயிலுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அதே கதிரையில் சும்மா இருப்பார். தவக்காலத்தில் ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீங்கள் எல்லாரும் அண்டைக்கு அழுதனீங்கள். என்னை மட்டும் ஏன் சிரிக்க விட்டனி? அவர் அங்க கிடக்க நான் கையெல்லோ தட்டினனான்."

எனக்கு வழக்கம்போல் கோபம் முந்திக்கொண்டது. "உங்கட நெஞ்சுக்குப் பயந்துதானே அக்கா! ஏதும் நடந்திருந்தால் நான் என்ன செய்யிறது?"

"வெடிக்கிறதெண்டால் வெடிச்சிருக்கட்டும்" என்றார் அக்கா. "அது என்ர நெஞ்சு."

கத்தியை வாங்கி மிச்ச மீனை நான் வெட்டினேன். பாதுகாத்தேன் பாதுகாத்தேன் என்று நான் சொல்லிக்கொண்டது, அவருக்குச் சேர வேண்டிய அழுகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டதுதான் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். மச்சாளுக்கு அன்றே அழைத்து உண்மையைச் சொன்னேன்.

போன மார்கழியில், ஆண்டுப் பூசைக்கு முந்தின நாள், அக்கா கேட்டார்.

"மரத்துக்கு லைட் போடுறது நாளைக்கோ, இண்டைக்கோ?"

"இண்டைக்கு. ஏனக்கா?"

"நான் ஒருக்கா அங்க போகவேணும். நீயும் வா."

எனக்கு விருப்பமில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் நட்சத்திரமும் கட்டவில்லை, பாலன் குடிலும் வைக்கவில்லை. துக்கவருடத்தில் விளக்கு பார்க்கப் போவதா என்று கேட்கலாமென்றுகூட வாயெடுத்தேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு அருகதை இல்லை. அதே பஸ்ஸில் போனோம். அக்கா கறுப்புச் சேலை உடுத்திருந்தார். கதிரை தர யாரும் இருக்கவில்லை. கூட்டத்தின் நடுவில், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு வந்தபோது பாடவில்லை. எண்ணியபோது எண்ணவில்லை.

விளக்குகள் எரிந்தன. சதுக்கம் முழுவதும் கைதட்டியது. அக்கா என் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்து, "என்ர அண்ணை! என்ர ராசா! என்னை விட்டிட்டுப் போயிட்டியளே!" என்று பெருங்குரலெடுத்து அழுதார். ஒரு வருடம் பூட்டிவைத்த அழுகை. சுற்றி நின்றவர்கள் கைதட்டலை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் விலகி இடம் விட்டார்கள். அடக்கிக்கொள்ளுங்கோ அக்கா, ஆக்கள் பாக்கினம் என்று பழைய நான் சொல்லியிருப்பேன். நான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், தோளில் குழந்தையோடு, என்னிடம் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டாள். இந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று.

"வேண்டாம்" என்றேன். "இவருடைய அண்ணன் இறந்துவிட்டார்."

"ஐயோ. எப்போது?"

"இன்று காலை" என்றேன்.